இரண்டு முழம் விட்ட மண்கரை

அத்தை ஊருக்குப் போய் என்ன செய்துவிட்டு வந்தீர்கள் என்று நீங்கள் இருவரும் கேட்டபோது, "மண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்றேன். பட்டு சிரித்தாள். ராசு, "நம்ம ஊர்ல மண்ணு இல்லையாப்பா?" என்றான். அவன் கேட்டது சரியான கேள்வி. எனக்குத்தான் சரியான பதில் வரவில்லை. ஐந்து நாள் பார்த்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் எனக்கே கொஞ்சம் விளங்கலாம்.

அஞ்சலை அத்தையின் கடிதத்தை அம்மா உங்களுக்கு முழுவதும் படித்துக் காட்டவில்லை. அதில் இருந்தது இது: சர்க்காரிடமிருந்து இரண்டு கடுதாசி வந்திருக்கிறது. யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. போன வருஷ மழை நிலத்து மண்ணை விதையோடு வாரிக்கொண்டு போய்விட்டது. இந்த வருஷமும் அப்படியானால் நிலத்தைப் போட்டுவிட்டுச் சென்னைக்கு மில் வேலைக்குப் போகிறேன் என்கிறார் உங்கள் மாமா. அப்படிப் போன இரண்டு பேர் இந்த ஊருக்குத் திரும்பி வரவேயில்லை. உடனே வாண்ணா.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். நம் குடும்பத்தில் அதுவே வக்கீல் படிப்பு. ஆகையால் புறப்பட்டேன்.

முதல் நாள் திருத்தணி ஸ்டேஷனிலேயே தடுமாற்றம். அத்தைக்கென்று அம்மா கட்டிக் கொடுத்த அரிசிப் பையை ஒரு காக்கிச் சட்டைக்காரர் தடியால் தட்டிப் பார்த்தார். "இன்னா இது?" என்றார். "எங்கள் வயல் அரிசி, தங்கைக்கு" என்றேன். ஒரு ஜில்லா அரிசியை இன்னொரு ஜில்லாவுக்கு இப்படிக் கொண்டுவரக் கூடாதாம். "உங்க ஊர்ல அரிசி அதிகம், இங்க இல்ல. அதுக்குத்தான் சட்டம்" என்றார். இல்லாத இடத்துக்குத்தானே கொண்டுவந்தேன் என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பையை நீட்டிவிட்டேன். பை போயிற்று. முறுக்குப் பொட்டலம் மட்டும் மிஞ்சியது.

அத்தை ஊர் இருக்கிற கே.ஜி.கண்டிகை பக்கம் போகிற பஸ் கரியில் ஓடுகிறது. பின்னால் ஒரு இரும்பு உருளையில் கரியைப் போட்டு, ஒரு ஆள் கையால் சக்கரம் சுற்றி நெருப்பை ஊதுகிறான். அந்தப் புகையில்தான் வண்டி நகர்கிறது. சமதரையில் பரவாயில்லை. மேடு வந்ததும் நின்றுவிட்டது. "எறங்குங்க, எறங்குங்க, தள்ளினாத்தான் சாமி நகரும்" என்றான் கண்டக்டர். டிக்கட் வாங்கினவர்கள் எல்லோரும் தள்ளினோம். தள்ளுகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்கில் திட்டினார்கள், பாதிப் பேர் தமிழில் திட்டினார்கள். என் வேட்டி முழுவதும் கரி.

எனக்குப் பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளியவர் காதர் பாய். திருத்தணியில் வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர். நான் எங்கே போகிறேன், எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"தணிகாசலத்து மச்சானா நீங்க? நல்ல ஆளு அவன். போன வருசம் அவன் காய் எங்கிட்ட வரவேயில்ல. மண்ணோட ஏரிக்குப் போச்சி" என்றார்.

"சர்க்கார் ஏதோ திட்டம் போடுகிறதாமே, பாய்?"

"ஆங், போடறாங்க. ஒருத்தர் வந்து கடலை போடுங்கறாரு. இன்னொருத்தர் வந்து தானியம் போடுங்கறாரு. நான் தராசு வச்சிகினு நடுவுல குந்திகினு இருக்கேன், நைனா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது வேடிக்கை இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அத்தை என்னைக் கண்டதும் "குந்துண்ணா" என்றாள். நம் ஊரில் பிறந்து "உட்காரு" என்று பேசியவள்! நான் விழித்ததைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாடு கேழ்வரகுக் களி, புளிச்சகீரைக் கடைசல், வேர்க்கடலைத் துவையல். நான் களியை மென்றேன். மெல்ல மெல்ல அது வாயில் பெருகியது.

"மெல்லாதண்ணா, முழுங்கு. களிய மென்னா பொழுது விடிஞ்சிரும்" என்றாள் அத்தை.

உங்கள் மாமா தணிகாசலம் அதிகம் பேசவில்லை. "வந்தீங்களே பாவா, அது போதும்" என்றார். இந்தப் பக்கம் பெண்டாட்டியின் அண்ணனைத் தெலுங்குக்காரர்களைப் போலப் பாவா என்றுதான் அழைக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலையில் மலைக்குப் போனேன். அவ்வளவு தூரம் போய்விட்டு முருகனைப் பார்க்காமல் வந்தால் உங்கள் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். தரிசனம் முடிந்து படியில் இறங்கும்போது நின்று சுற்றிலும் பார்த்தேன். எங்கும் சிவப்பு மண். குன்றுகளின் சரிவில் நிலங்கள் எல்லாம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கின. பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் ஒருவர் பக்கத்தில் லுங்கி மூட்டையோடு நின்றார். அந்த லுங்கியின் கோடுகளும் நிலத்தின் கோடுகளும் ஒன்றுபோலவே இருந்தன. நம் ஊரில் வயல் என்றால் கட்டம் கட்டமாக இருக்குமே, இவர்கள் ஏன் இப்படி நீளமாகக் கிழித்து வைத்திருக்கிறார்கள் என்று புரியவில்லை.

அதை மாமாவிடம் கேட்டேன். நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். குன்றின் மேல்பக்கம் கல்லும் சரளையும். கீழே போகப் போக மண் நன்றாக இருக்கிறது. அவருடைய அப்பா காலமானபின், நிலத்தை அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பங்கு போட்டார்கள். மேல்பாதி ஒருவருக்கு, கீழ்பாதி ஒருவருக்கு என்று பிரித்தால், மேலே வாங்கினவன் கல்லைத்தான் உழவேண்டும். ஆகையால் உச்சியிலிருந்து அடிவரை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தார்கள். இருவருக்கும் கல்லும் உண்டு, நல்ல மண்ணும் உண்டு. இதைவிட நியாயமாக யார் பிரிக்க முடியும்?

ஆனால் பட்டையின் அகலம் நாற்பது அடிதான். குறுக்கே உழுதால் நாற்பது அடிக்கு ஒருமுறை மாட்டைத் திருப்பவேண்டும். அதனால் மேலிருந்து கீழாகவே உழுகிறார்கள். மழை பெய்தால் ஒவ்வொரு உழவுச்சாலும் ஒரு வாய்க்கால். தண்ணீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு நேராக இறங்கிவிடுகிறது. நம் ஊரில் காவேரி ஆறு எங்கேயோ இருக்கும் மண்ணை நம் வயலுக்குக் கொண்டுவந்து போடுகிறது. இங்கே வயலில் இருக்கும் மண் எங்கேயோ போய்விடுகிறது. வருவதை மட்டும் பார்த்துப் பழகினவன் நான். போகிற மண்ணை எப்படி நிறுத்துவது என்று எனக்கு என்ன தெரியும்?

அண்ணன்காரர் பெயர் செங்கல்வராயன். அடுத்த வீடு. இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. ஆனால் பாகம் பிரித்த நாளிலிருந்து நேராகப் பேசிக்கொள்வதும் இல்லை. எல்லையில் மூன்று கல் நட்டிருக்கிறது. களை பிடுங்கினால்கூட அந்தக் கோட்டின் மேல் போடமாட்டார்கள். பிடுங்கினதைக் கையில் வைத்துக்கொண்டு நடு நிலத்துக்குப் போய்ப் போடுவதை என் கண்ணால் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் இரண்டு கடுதாசியையும் படித்தேன். தெருவே கூடிவிட்டது. ஒன்று சொல்லியது: இந்தச் சரிவில் மண் அரிப்பைத் தடுக்க, ஆபீசர் காட்டும் கோட்டில் மழைக்கு முன் மண்கரை போடவேண்டும். தாங்களே போட்டுக்கொள்பவர்களுக்கு விதைக் கடலை தரப்படும். வருமானம் பெருகும். இன்னொன்று வேறு ஆபீசிலிருந்து வந்தது: தேசத்தில் உணவுப் பஞ்சம். ஆகவே கடலை போடும் நிலத்தில் தானியம் விளைவியுங்கள்.

"இன்னாதான் போடறது, சொல்லுங்க?" என்று செங்கல்வராயன் கேட்டார்.

மறுபடியும் இரண்டையும் படித்தேன். இரண்டுக்கும் முத்திரை இருந்தது. இரண்டிலும் கையெழுத்து இருந்தது.

"படிச்சவரே முழிக்கிறாரு, நாம இன்னா பண்றது" என்றது ஒரு குரல். எனக்குக் காது சுட்டது. முதலில் மண் நிற்கட்டும், என்ன போடுவது என்று பிறகு பார்க்கலாம் என்றேன். அது மட்டும் எல்லோருக்கும் சம்மதமாயிற்று.

மூன்றாம் நாள் விவசாய ஆபீசர் சைக்கிளில் வந்தார். நெல்லூர்ப் பக்கத்து ஆள். பின்னாலேயே ஒருவன் மூன்று கால் வைத்த தூர்பீனைத் தலையில் சுமந்து வந்தான். ஆபீசர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதில் பார்ப்பதும், கோலோடு நின்றவனை "ஜருகு, ஜருகு" என்று தள்ளிப் போகச் சொல்வதுமாக வெயில் ஏறும்வரை வேலை செய்தார். கோல் நின்ற இடத்தில் எல்லாம் சுண்ணாம்பு வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் அந்தக் கோடு குடிகாரன் நடந்தது போல வளைந்து வளைந்து போயிற்று. வடக்கே பாறையில் தொடங்கி, செங்கல்வராயன் பட்டையைக் குறுக்கே கடந்து, தணிகாசலம் பட்டையையும் கடந்து, தெற்கே ஓடையில் முடிந்தது.

செங்கல்வராயன் தெலுங்கில் கேட்டார். எனக்குப் பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னார்: "உங்க தூர்பீன்ல கண்ணாடி கோணலா இருக்கா சார்னு கேக்கறாரு."

ஆபீசர் சிரிக்காமல் பதில் சொன்னார். அதன் அர்த்தம்: "குன்றுதான் ஐயா கோணல். இந்தக் கோட்டில் எந்த இடத்தில் நின்றாலும் ஒரே மட்டம். தண்ணீர் எங்கே ஓடுவது என்று தெரியாமல் நின்றுவிடும்."

நின்று மண்ணுக்குள் இறங்கும், அதனால் கடலையும் தழைக்கும் என்று விளக்கினார். சனிக்கிழமை வருகிறேன், முழங்கால் உயரத்துக்குக் கரை போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் திருவாலங்காடு பக்கம் போய்விட்டார்.

அவர் போனதும் தகராறு ஆரம்பித்தது. சுண்ணாம்புக் கோடு எல்லையைக் கடக்கிற இடத்தில் யார் மண் போடுவது?

"எல்லைல மண்ணு போட்டவன் நாளைக்கு எல்லையே என்னுதும்பான்" என்றார் செங்கல்வராயன், பக்கத்து வேப்பமரத்தைப் பார்த்து.

"நான் எதுக்குப் போடறேன்? எனக்கு எதுக்கு அவரு நெலம்?" என்றார் உங்கள் மாமா, தம் மாட்டைப் பார்த்து.

இப்படி மரத்துக்கும் மாட்டுக்குமாகப் பேச்சு முற்றியது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முந்தின நாள் கடுதாசியில் தவறவிட்ட மரியாதையை மீட்டுக்கொள்ள இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. நம் ஊரில் எந்த வரப்பிலும் பக்கத்து வயல்காரனுக்கு ஒரு மடை விடுகிறோம். அதுதான் நல்ல மனிதனுக்கு அழகு. ஆகையால் சொன்னேன்:

"அவர் பக்கம் ஒரு முழம், இவர் பக்கம் ஒரு முழம் விட்டுவிடுங்கள். எல்லையை யாரும் தொடவேண்டாம்."

"இது பேச்சு!" என்றார் செங்கல்வராயன். மாமாவுக்கும் முகம் தெளிந்தது. அத்தை அன்று எனக்கு இரண்டு உருண்டை களி அதிகமாக வைத்தாள். அதையும் முழுங்கினேன்.

நான்காம் நாள் விடியலில் எல்லோரும் மண்வெட்டி எடுத்தார்கள். அண்ணன் பக்கம் அவரும் அவர் மனைவி பூங்காவனமும் ஒரு கூலியாளும். தம்பி பக்கம் மாமாவும் அத்தையும் நானும். என் கையில் கொப்புளம் வந்ததைப் பார்த்துப் பூங்காவனம், "உங்கண்ணன் கை பேனா புடிச்ச கையிடி" என்று அத்தையிடம் சொல்லிச் சிரித்தாள். பொழுது சாய்வதற்குள் கரை வடக்கேயும் தெற்கேயும் எழும்பிவிட்டது. நடுவில் இரண்டு முழம் இடைவெளி. அதன் நடுவே எல்லைக்கல், பல் விழுந்த வாயில் ஒற்றைப் பல்லைப் போல நின்றது.

நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது மழை வந்தது. கோடை மழைதான், அரைமணி நேரம். முதலில் சந்தோஷமாகப் பார்த்தோம். ஆபீசர் சொன்னது போலவே தண்ணீர் கரைக்குப் பின்னால் தேங்கியது. பிறகு இரண்டு பக்கத்துத் தண்ணீரும் கரை ஓரமாகவே நகர்ந்து நடுவே வந்தது. முன்பு சால் சாலாகப் பிரிந்து இறங்கிய தண்ணீர் முழுவதும் நான் விடச் சொன்ன அந்த இரண்டு முழத்தில் நுழைந்தது.

சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லைக்கல் ஒருமுறை ஆடியது. அப்புறம் உருண்டு போயிற்று. மழை விட்டபோது எல்லை இருந்த இடத்தில் இடுப்பளவு பள்ளம். கோடையெல்லாம் மாமா ஏரி வண்டலை வண்டி வண்டியாக அடித்து அந்தக் கீழ்நிலத்தில் பரப்பியிருந்தார். பள்ளத்தை ஒட்டிய அவர் பக்கத்தில் அது பாதிக்குமேல் போய்விட்டது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாமா வீட்டுக்கு வந்து தம் இரண்டு வேட்டியையும் சட்டையையும் ஒரு துண்டில் வைத்து முடிந்தார்.

"நாளன்னிக்கு உங்களோட நானும் கெளம்பறேன், பாவா" என்றார்.

அத்தை அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. ஆபீசர் வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றார். "இந்த இடைவெளியை யார் விடச் சொன்னது?" என்று தமிழிலேயே கேட்டார்.

"நாங்கதான் சார்" என்றார் செங்கல்வராயன். "ஆங், நாங்கதான்" என்றார் மாமா. விருந்தாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருவரும் நினைத்திருக்கவேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் சொன்னேன்" என்றேன்.

"காவேரிப் பக்கமா?" என்றார் அவர். தலையசைத்தேன். "அங்கே அது சரி" என்றார். பள்ளத்தில் முதலில் கல்லைப் போட்டு, மேலே மண்ணைக் கொட்டி மிதித்து, கரையை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள் என்றார்.

மண்வெட்டிகள் தரையிலேயே கிடந்தன.

"யார் மண்ண எடுத்துப் போடறது சார்?" என்று செங்கல்வராயன் கேட்டார். "என் மண்ணப் போட்டா அது யாருது?"

ஆபீசர் மாமாவைப் பார்த்தார். மாமா ஓடையைப் பார்த்தார். நான் என் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் அத்தை கூடையை எடுத்தாள். பள்ளத்தின் அடியில் இரண்டு நிலத்து மண்ணும் கலந்து ஒரு மேடாகக் கிடந்தது. அதை வாரிக் கூடையில் நிரப்பினாள். தலையில் தூக்கிக்கொண்டு ஏறி வந்து எல்லை இருந்த இடத்தில் கொட்டினாள்.

"ஏய், இன்னா பண்றே?" என்றார் மாமா.

"மண்ணு கொட்றேன். கண்ணு தெரியலையா?"

"அது எல்லைடி."

"உங்களுக்கு எல்லை. நீங்க பொறந்த நெலம். நான் கட்டிக்கினு வந்தவ. எனக்கு இந்தக் கோடு தெரியாது. நான் கொட்டினா யாருது ஆவும்?"

செங்கல்வராயன் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் பூங்காவனமும் கூடையோடு பள்ளத்தில் இறங்கிவிட்டாள். "நானும் கட்டிக்கினு வந்தவதான். தள்ளுய்யா!" என்றாள்.

"கல்ல மொதல்ல போடணும்னு சொன்னாரே, இதுங்க மண்ணக் கொட்டுதுங்க" என்று செங்கல்வராயன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பெரிய கல்லைப் புரட்டினார். தனியாக அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மாமா போய் மறுபக்கம் கை கொடுத்தார். கல் உருண்டது.

உச்சிப் பொழுதுக்குள் கரை ஒன்றாகிவிட்டது. விழுந்த எல்லைக்கல்லை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கரையின் மேலே நடலாம் என்றார் ஆபீசர். இப்போதைக்கு ஓரமாகக் கிடக்கட்டும் என்றாள் அத்தை.

மூன்று மணிக்கு மறுபடி மழை பிடித்தது. ஆபீசர் உள்பட எல்லோரும் வேப்பமரத்தடியில் ஒண்டினோம். தண்ணீர் கரைவரை வந்தது. நடுப்பக்கம் நகர்ந்தது. புதுமண்ணில் முட்டியது. கொஞ்சம் கசிந்தது. பிறகு போக இடம் இல்லாமல் அப்படியே அகன்று பரவியது. பாறையிலிருந்து ஓடைவரை ஒரே சிவப்புத் தண்ணீர், ஒரே மட்டம். ஓடையோரம் மட்டும் மெதுவாக வழிந்தது. அதில் மண் அதிகம் இல்லை.

செங்கல்வராயன் வெகுநேரம் அதைப் பார்த்தார். "சார், இப்ப நிக்குதே தண்ணி, இதுல எவ்வளவு என்னுது, எவ்வளவு தம்பியுது?" என்று கேட்டார்.

ஆபீசர் தம் பையிலிருந்து கடுதாசியை எடுத்து நனையாமல் பிரித்துப் பார்த்தார். உண்மையாகவே தேடினார். "அது இதுல எழுதல" என்றார்.

இன்னொரு கடுதாசியில் இருக்குமோ என்று நானும் யோசித்தேன். அதிலும் இல்லை. பிள்ளைகளே, கடலையா தானியமா என்பதும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கரை கரையாமலிருக்க அதன்மேல் துவரை ஊன்றச் சொன்னாரே ஆபீசர், எல்லைமேல் காய்க்கிற துவரையை யார் பறிப்பார்கள் என்பதும் தெரியவில்லை. நீங்கள் பெரியவர்களாகிப் படித்து எனக்குச் சொல்லுங்கள்.

மழை விட்டதும் ஆபீசர் சைக்கிளைத் துடைத்தார். மாமா அவர் பின்னாலேயே போய், கேட்கலாமா வேண்டாமா என்று நின்றார். பிறகு கேட்டார்:

"வெதக் கடலை எப்ப சார் குடுப்பீங்க?"

அத்தை அதைக் கேட்டாள். வீட்டுக்குள் போனாள். நான் உள்ளே போனபோது, மாமா முடிந்து வைத்த துண்டை அவிழ்த்து, அந்த இரண்டு வேட்டிகளையும் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் மட்டும்தான் ரயில் ஏறினேன்.